பாட்டியோட பீங்கான் ஜாடிய யார் கட்டுறது?

கேள்வி: அக்கா, நாங்க மேற்கு மாம்பலத்துலேர்ந்து பெரும்பாக்கம் பக்கம் அபார்ட்மென்டுக்கு ஆவணியில வீடு மாத்துறோம். பேக்கர்ஸ் காரங்க வந்து பாத்துட்டு, எல்லாத்தையும் அவங்களே கட்டினா ஒரு ரேட்டு, நாங்களே கட்டி வெச்சுட்டா அதுல 4,000 ரூபா கம்மின்னு சொல்றாங்க. கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் செட்டு ரெண்டு, ஓபல் டின்னர் செட்டு, பாட்டியோட ஊறுகா ஜாடி, கண்ணாடி போட்ட தஞ்சாவூர் படம் ஒண்ணு இருக்கு. நானே கட்டிடவா? கட்டினா எப்படி கட்டணும்?

பதில்: அந்த 4,000 ரூபாய பாத்து அவசரப்படாதீங்கம்மா. நீங்க கட்டின பெட்டியில ஏதாவது உடைஞ்சா, 'மேடம், உள்ள எப்படி வெச்சீங்கன்னு எங்களுக்கு எப்படி தெரியும், பெட்டி வெளியில நல்லாத்தானே இருக்கு'ன்னு சொல்லிடுவாங்க, நியாயமா பாத்தா அதுல பாதி உண்மையும் இருக்கு. சாமான் லிஸ்ட்ல அந்தப் பெட்டி நம்பருக்கு நேரா 'ஓனர் பேக்கிங்'னு ஒரு வார்த்தை எழுதிட்டா அதோட முடிஞ்சுது. அவங்க கட்டி உடைஞ்சா மட்டும்தான் நம்மளால வாய தெறந்து கேக்க முடியும்.

என் கதைய சொல்றேன். திருவல்லிக்கேணியிலேர்ந்து நங்கநல்லூர் வந்தப்ப நானும் இப்படித்தான் காச மிச்சம் பண்றேன்னு நானே கட்டினேன். ஆறு டம்ளர், எடம் மிச்சமாகட்டும்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, மேல ரெண்டு சுத்து பபிள் ரேப், அவ்ளோதான். வந்து பிரிச்சா மேல இருக்குற டம்ளர் சூப்பரா இருக்கு, அடியில இருக்குற மூணும் வாயிலேர்ந்து கீழ வரைக்கும் விரிசல். வண்டி குலுங்க குலுங்க ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள ஆப்பு மாதிரி இறங்கியிருக்கு. யார போய் கேக்கிறது, கட்டினது நான்தானே.

அதனால நான் சொல்றது இதுதான்: டம்ளர், டின்னர் செட்டு இதெல்லாம் அவங்களே கட்டட்டும், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. பாட்டி ஜாடிக்கும் தஞ்சாவூர் படத்துக்கும் எந்த இன்சூரன்ஸ் காசும் ஈடாகாது, அத நீங்களே கட்டி, கார்ல இல்லன்னா ஆட்டோவுல மடியில வெச்சு எடுத்துட்டு போங்க. பால் காய்ச்ச முன்னாடி ஒரு நாள் போவீங்கல்ல, அன்னிக்கே கொண்டு போய் வெச்சுட்டா லாரி பக்கமே அது போக வேண்டாம்.

இப்ப, கட்டுற பசங்க சரியா கட்டுறாங்களான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? எல்லாரும் பபிள் ரேப் எத்தன சுத்துன்னு எண்ணுவாங்க, நீங்க பெட்டிக்குள்ள காலி எடம் எவ்ளோன்னு பாருங்க. கண்ணாடி உடையுறது பெரும்பாலும் பெட்டி கீழ விழுந்து இல்ல, உள்ள ஒண்ணோட ஒண்ணு மோதித்தான். பள்ளிக்கரணை தாண்டி போறதுக்குள்ள எத்தன ஸ்பீட் பிரேக்கர், எத்தன பள்ளம், ஒவ்வொண்ணுலயும் உள்ள இருக்குறது ஒரு தடவ குதிக்கும்.

ஒரு டம்ளர எடுத்துக்கங்க. மொதல்ல ரெண்டு தாள் பேப்பர கசக்கி உள்ள அடைக்கணும், ரொம்ப அழுத்தாம. அப்புறம் விரிச்ச பேப்பரோட ஒரு மூலையில படுக்க வெச்சு, உருட்டிக்கிட்டே போய் ரெண்டு பக்கமும் வர்ற மிச்சத்த வாய்க்குள்ளயும் அடியிலயும் மடிச்சு சொருகணும், வெத்தல மடிக்கிற மாதிரி. அதுக்கு மேல பபிள் ரேப் ஒரு சுத்து, குமிழ் பக்கம் உள்ள இருக்கணும். பெட்டி அடியில கசக்கின பேப்பரோ பழைய துண்டோ மூணு விரல் கனத்துக்கு போட்டு, அதுக்கு மேல டம்ளர நிக்க வைக்கணும், படுக்க வைக்கக் கூடாது. நடுவுல இருக்குற சந்து பொந்து எல்லாம் பேப்பர், பழைய பனியன், குழந்தையோட சாக்ஸ், எது கெடைக்குதோ அத போட்டு அடைங்க. மூடுறதுக்கு முன்னாடி பெட்டிய ரெண்டு கையால தூக்கி லேசா ஆட்டி பாருங்க. உள்ள கடகடன்னு ஒரு சின்ன சத்தம் வந்தாலும் தெறந்து இன்னும் அடைக்கணும்.

தட்டு கட்டுறதுல எல்லாரும் பண்ற தப்பு, ஒண்ணு மேல ஒண்ணு படுக்க அடுக்கறது. அப்படி அடுக்கினா மேல இருக்குற மொத்த வெயிட்டும் அடித் தட்டு மேலதான். ஒவ்வொண்ணா பேப்பர்ல சுத்தி, ரெக்கார்டு நோட்டு அடுக்குற மாதிரி செங்குத்தா நிக்க வைக்கணும். ஓபல் கிளாஸ் ஸ்ட்ராங்குன்னு கடைக்காரர் சொல்லியிருப்பாரு, நடுவுல தட்டினா தாங்கும்தான், ஆனா ஓரத்துல சின்னதா ஒரு அடி பட்டாக் கூட சில்லு சில்லா சிதறிடும், அதனால ஓரத்துக்கு ஒரு மடிப்பு கூடவே பேப்பர் போடுங்க. காபி போடுற போரோசிலிகேட் கப்பு இருந்தா அதையும் சாதா கண்ணாடி மாதிரியே கட்டுங்க, அது சூடு தாங்குமே தவிர கீழ விழுந்தா தாங்காது.

ஜாடியில ஊறுகா இருந்தா வேற டப்பாவுக்கு மாத்திடுங்க, எண்ண கசிஞ்சா பெட்டி நனைஞ்சு போய் அடியே பிஞ்சிடும். மூடிய தனியா சுத்துங்க. அதுக்கு பாட்டி காலத்து வழியே போதும், பழைய பருத்தி வேட்டிய நாலா கிழிச்சு சுத்தறது, கொலு பொம்மைய பரண்ல ஏத்துறப்ப பண்ணுவோமே, அதேதான்.

தஞ்சாவூர் படத்துக்கு, கண்ணாடி மேல மாஸ்கிங் டேப்ப பெருக்கல் குறி மாதிரி ஒட்டுங்க. டேப்பு ஒட்டினா உடையாதுன்னு இல்ல, உடைஞ்சா சில்லு படத்து மேல கொட்டாம இருக்கும், அதுக்குத்தான். பிரவுன் டேப் வேண்டாம், பசை போகவே போகாது. படத்த எப்பவும் நிக்க வெச்சே கொண்டு போங்க.

பெட்டி வெளியில 'கண்ணாடி'ன்னு தமிழ்ல எழுதினா மட்டும் பத்தாது. தூக்குற பசங்கள்ல நெறைய பேர் பீகார், ஒடிசா பக்கம், அதனால ஒரு டம்ளர் படமும் மேல் நோக்கி அம்புக்குறியும் பெருசா வரைஞ்சு விடுங்க, நாலு பக்கமும். பெட்டி சின்னதா இருக்கட்டும், பெருசா இருந்தா வெயிட் தாங்காம தொப்புன்னு போட்டுடுவாங்க.

கேள்வி: பெட்டிக்கு தனி சார்ஜ் கேக்குறாங்க. வெளியில கம்மியா கெடைக்குமா?

பதில்: கெடைக்கும். மளிகைக் கடையில எண்ணெய் பாக்கெட் வர்ற பெட்டி, மெடிக்கல் ஷாப் பெட்டி எல்லாம் கேட்டா சும்மாவே குடுப்பாங்க. கண்ணாடிக்கு மட்டும் 5 பிளை, அதாவது அஞ்சு அடுக்கு அட்டை வாங்குங்க, 3 பிளை துணிமணிக்கு போதும். டம்ளருக்கு பெஸ்ட் எதுன்னா பாட்டில் வர்ற அட்டைப் பெட்டிதான், உள்ளயே அறை அறையா தடுப்பு இருக்கும். நான் பழைய பேப்பர் கடையில அந்தப் பெட்டி நாலு வாங்கிட்டு வந்தப்ப கீழ் வீட்டு மாமி பாத்த பார்வை இன்னும் மறக்கல.

கேள்வி: டிரான்சிட் இன்சூரன்ஸ்னு சாமான் மதிப்புல 3 சதவீதம் கேக்குறாங்க. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனா ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு. 'இன்சூரன்ஸ் கம்பெனியோட பாலிசி பேப்பர் என் பேர்ல வருமா?' வரும்னு சொன்னா வண்டி கெளம்பறதுக்கு முன்னாடியே வாட்ஸாப்ல வாங்கிடுங்க, கண்ணாடி உடைஞ்சா கவர் ஆகுமா, முழு வண்டியும் கவுந்தா மட்டும்தானான்னு படிங்க. 'அதெல்லாம் இல்ல மேடம், பில்லுலயே சேத்துடுவோம்'னு சொன்னா அது இன்சூரன்ஸ் இல்ல, வெறும் ரிஸ்க் சார்ஜ், உடைஞ்சா அவங்க மனசு வெச்சு குடுக்குறதுதான். லோக்கல்ல பத்து பதினஞ்சு கிலோமீட்டர் குட்டியானையில போறதுக்கு நானா இருந்தா அந்த காச நல்ல பெட்டி வாங்க செலவு பண்ணுவேன். கோயம்புத்தூர், பெங்களூர்னா கண்டிப்பா எடுங்க.

கேள்வி: போன மாசம் வீடு மாத்தினோம், அவங்களே கட்டின பெட்டியில மிக்சிங் பவுல் செட்டு தூள் தூள். போன் எடுக்கவே மாட்டேங்கறாங்க.

பதில்: உடைஞ்சத பெட்டியோட போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா? அது, பில்லு, சாமான் லிஸ்ட், பணம் குடுத்த ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் ஒண்ணா வைங்க. மொதல்ல எழுத்துல ஒரு நோட்டீஸ், மெயிலும் ரிஜிஸ்டர் போஸ்ட்டும் ரெண்டுமே. லாரி கம்பெனிக்காரங்க மேல கேஸ் போடணும்னா ரோட்டு வழியா சரக்கு கொண்டு போறதுக்கான 2007 கேரேஜ் பை ரோட் சட்டப்படி புக் பண்ண தேதியிலேர்ந்து 180 நாளுக்குள்ள நோட்டீஸ் போயிருக்கணும், அதனால தள்ளிப் போடாதீங்க. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், நிறைய விஷயம் அங்கேயே முடிஞ்சுடும். முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க இருக்குற ஊர்லயே போடலாம், கம்பெனி எங்க இருந்தாலும் பரவால்ல, நீங்க குடுத்த சார்ஜ் 5 லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் ஃபீஸ் கெடையாது, டைம் ரெண்டு வருஷம். அடுத்த தடவ டெலிவரி பேப்பர்ல கையெழுத்து கேட்டா, 'பெட்டி பிரிக்கல, பிரிச்சு பாத்துட்டு சொல்றேன்'னு பேனாவால எழுதிட்டு போடுங்க, பையன் மூஞ்ச தூக்கினாலும் பரவால்ல.

கேள்வி: மீன் தொட்டி? ரெண்டரை அடி.

பதில்: தண்ணியோட யாரையும் தூக்க விடாதீங்க, பாதி தண்ணி கூட வேண்டாம். தண்ணி, கல்லு, மணல் எல்லாத்தையும் எடுத்துட்டு காலி தொட்டியா அடியில கை குடுத்து தூக்கணும், விளிம்ப பிடிச்சு தூக்கினா சிலிகான் ஒட்டு விட்டுடும், அன்னிக்கு தெரியாது, புது வீட்டுல தண்ணி ரொப்பின ராத்திரிதான் தெரியும். மீன பழைய தொட்டித் தண்ணியோடயே மூடி போட்ட பக்கெட்டுல எடுத்துட்டு போங்க, மூடியில நாலு ஓட்ட போட மறக்காதீங்க.