"தமிழ்" + 3: ஸ்ட்ரிங் லிட்டரலும் பாயிண்டர் கணக்கும்

கேள்வி: அண்ணா, ஜாவா பழகிவிட்டு சி-க்கு வந்திருக்கிறேன். ஒரு மாறியில் 5 வைத்து, "மதிப்பெண்: " உடன் கூட்டி அச்சிட்டேன். தலைப்பகுதி காணாமல் போய், ஒரு குப்பை எழுத்தோடு "ிப்பெண்: " என்று வருகிறது.

பதில்: சி-யில் கூட்டல் குறி, ஜாவாவைப் போல ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) ஒட்டாது தம்பி. மேற்கோளுக்குள் இருப்பது (அதுதான் ஸ்ட்ரிங் லிட்டரல்) ஒரு கேரக்டர் அரே, அதாவது பைட்டுகளின் வரிசை. கூட்டலுக்குள் வந்ததும் அது தன் முதல் பைட்டின் முகவரியாக, அதாவது பாயிண்டராக மாறிவிடும். 5 கூட்டினால் 5 பைட் தள்ளிப் போகும், அவ்வளவுதான். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'ம'வுக்கு 3 பைட், 'த'வுக்கு 3 பைட். நீங்கள் இறங்கியது 'த'வின் கடைசி பைட்டில். அந்தக் குப்பை அதுதான்.

"தமிழ்" என்பதை வைத்துப் பாருங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து, தலா 3 பைட். நீளத்தை எண்ணும் ஸ்டிரெலன் (strlen) 15 என்னும். ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் இறுதிச் சுழிய பைட்டையும் சேர்த்து எண்ணும் சைஸ்ஆஃப் (sizeof) 16 என்னும். 3 கூட்டினால் "மிழ்" ஒழுங்காக வரும். 6 கூட்டினால் இகரக் குறி மெய்யில்லாமல் அநாதையாக நிற்கும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட் என்பதால் பாடப்புத்தக உதாரணங்களில் இந்தச் சிக்கல் தலைகாட்டுவதே இல்லை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் ஸ்ட்ரிங்கை வைத்தே இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒட்டுவதற்கு எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. கிளாங் கம்பைலர் இப்படி மாறியைக் கூட்டும்போது எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வரியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: அதே "தமிழ்" உடன் 16 கூட்டலாமா?

பதில்: முகவரியைக் கணக்கிடலாம், அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது. 15-இல் சுழியம், அச்சிட்டால் வெற்று ஸ்ட்ரிங். 17 என்றால் கணக்கிடுவதே வரையறைக்கு வெளியே.

கேள்வி: 3["தமிழ்"] என்று தலைகீழாக எழுதினேன். கம்பைல் ஆகிவிட்டதே!

பதில்: ஆகும். அடைப்புக்குறி என்பது கூட்டிவிட்டு உள்ளே பார்ப்பதுதான். எதை முன்னால் எழுதினாலும் கூட்டுத்தொகை ஒன்றே. கிடைப்பது 'ம' அல்ல, அதன் முதல் பைட்டான 224. கேரக்டர் (char) குறியுள்ள வகையாக, அதாவது எதிர்ம எண்களையும் ஏற்பதாக இருக்கும் கணினியில் -32 என்று காட்டும்.

கேள்வி: அக்கா ஒருவர் எழுதிய நிரலில் லிட்டரலின் முதல் பைட்டை மாற்றியதும் கிராஷ் ஆகிறது. கம்பைலர் வாயே திறக்கவில்லை.

பதில்: லிட்டரலை மாற்றுவது வரையறுக்கப்படாத செயல். பெரும்பாலும் அது படிக்க மட்டும் அனுமதியுள்ள மெமரியில் உட்கார்ந்திருக்கும். ஆனால் சி-யில் அதன் வகையில் 'மாற்றக் கூடாது' என்று சொல்லும் கான்ஸ்ட் (const) கிடையாது, அதனால்தான் கம்பைலர் பேசாமல் விட்டது. பாயிண்டரை அறிவிக்கும்போதே கான்ஸ்ட் போடச் சொல்லுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் அரேயாக அறிவித்தால் போதும், சொந்தப் பிரதி கிடைத்துவிடும்.