எட்டு மணி மாத்திரை

கேள்வி: எனக்கு 41 வயது, வேலைக்குப் போகிறேன். சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியச் செயலாளர், வெள்ளி உபவாச ஜெபம், சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் என்று எல்லாவற்றிலும் இருக்கிறேன். ஒரு மாலைகூட வீட்டில் இருக்க முடிவதில்லை. கணவர் நல்லவர், எதிலும் தலையிட மாட்டார். மாமியார் எங்களோடு இருக்கிறார். இரவு எட்டு மணி மாத்திரையை என் 11 வயது மகளே அலாரம் வைத்து எடுத்துக் கொடுத்துவிடுவாள், அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் நான் ரொம்பவும் சோர்ந்துவிட்டேன். ஜெபிக்க உட்கார்ந்தால் கண் சொக்குகிறது, படுத்தால் தூக்கம் வருவதில்லை. ஒரு நாள் சும்மா இருந்தால்கூட கர்த்தருக்குத் துரோகம் செய்வதுபோல் மனம் குத்துகிறது. ஊழியத்தையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிப்பது? இளைப்பாற ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள்' என்கிற மத்தேயு 11:28-ஐ எடுத்து எழுதி உங்களைத் தேற்றுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த வசனம் உங்களுக்கு மனப்பாடம், உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். சோர்ந்துபோன எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துத் தூங்கின கதையும் தெரியும். அதையெல்லாம் நான் இன்னொரு தடவை சொன்னால், கொஞ்சம் அழுவீர்கள், மனசு லேசாகும், அடுத்த பாட்டுப் பயிற்சிக்கு வழக்கம்போல ஓடுவீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. எழுதுகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது, இதே ஓட்டத்தைக் களைப்பில்லாமல் ஓட ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான். இல்லை.

நான் உங்கள் கடிதத்தில் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். எட்டு மணி மாத்திரை. 'அதனால் அந்தக் கவலை இல்லை' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்குக் கவலை இல்லை, சரி. அந்தக் கவலை எங்கே போனது? 11 வயதுப் பிள்ளையிடம் போயிருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடிக்கும், எழுந்து போய் அட்டையிலிருந்து மாத்திரையை அமுக்கி எடுக்க வேண்டும், வெள்ளையாக இரண்டு மாத்திரை இருந்தால் எது முழுசு எது பாதி என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பாட்டி 'இப்பத்தானே போட்டேன்' என்று சொன்னால் போட்டாரா இல்லையா என்று அந்தக் குழந்தையே தீர்மானிக்க வேண்டும். மருத்துவர் அளவை மாற்றினால் அவளுக்கு யார் சொல்கிறீர்கள்? ஒரு நாள் தவறிப்போய் பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியை ஆயுசுக்கும் யார் சுமப்பது? இதையெல்லாம் யோசித்தீர்களா, இல்லை, யோசிக்க நேரமில்லையா?

பேத்தி பாட்டிக்கு உதவுவது நல்ல பழக்கம்தானே என்பீர்கள். நல்ல பழக்கம்தான், 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் பவுலே பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறார். தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும், கண்ணாடியைத் தேடிக் கொடுக்கட்டும். அதெல்லாம் உதவி. பெரியவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஒரு முதியவரின் மருந்துக்குப் பொறுப்பேற்பது உதவியில்லை, அது முழுப் பொறுப்பு. அதை அவள் தலையில் வைத்துவிட்டு நீங்கள் போய் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஒப்படைத்த பொறுப்பில் உண்மையாயிருப்பதைப் பற்றிய தாலந்து உவமை சொல்லிக்கொடுக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருத்தப்பட வேண்டாம், மெதுவாகச் சொல்ல ஆட்கள் உங்களைச் சுற்றி நிறையப்பேர் இருப்பார்கள்.

யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். 'நீ ஓய்ந்திரு' என்று ஒற்றை ஆளுக்குச் சொல்லி நிறுத்தவில்லை. நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று வரிசையாகப் போகிறது. உபாகமம் 5-இல் மாடும் கழுதையும்கூட தனித்தனியாக வந்துவிடுகின்றன. ஏன் இத்தனை பேர்? வீட்டில் பெரியவர்கள் ஓய்வெடுப்பதாகச் சொல்லிக்கொண்டு வேலையைச் சின்னவர்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்று கட்டளை கொடுத்தவருக்குத் தெரியும். நீங்கள் அதைவிட ஒரு படி மேலே போயிருக்கிறீர்கள். நீங்களும் ஓயவில்லை, குமாரத்தியையும் ஓய விடவில்லை. கழுதைக்குக் கிடைத்த சலுகை உங்கள் மகளுக்குக் கிடைக்கவில்லை.

இனி, 'நல்லவர், எதிலும் தலையிட மாட்டார்' என்கிற அந்த மனிதரைப் பற்றி. மாமியார் யாருடைய அம்மா? எட்டு மணிக்கு அவர் எங்கே இருக்கிறார்? வீட்டில் இல்லையென்றால் ஏன் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்றால் மகள் ஏன் அலாரம் வைக்கிறாள்? தன்னைப் பெற்றவளுக்குத் தன் கையால் மாத்திரை எடுத்துக் கொடுக்காத ஆணை நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னியுங்கள். நீங்களும் அவரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டால் அவர் 'நீ ஏன் தினமும் வெளியே போகிறாய்' என்று திருப்பிக் கேட்பார். அதைவிடக் கேட்காமல் இருப்பது இரண்டு பேருக்குமே வசதி. இதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற குடும்பங்கள் நிறைய.

மாற்கு 7-இல் இயேசு பரிசேயரைக் கண்டித்த இடம் இருக்கிறதே, கொர்பான் விஷயம். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை 'இது தேவனுக்குக் காணிக்கை' என்று சொல்லிவிட்டால் அதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் வசதியாக ஒரு வழி வைத்திருந்தார்கள். இயேசு அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. பணத்துக்கு மட்டும் அது பொருந்தும் என்று நினைக்காதீர்கள், மாலை நேரத்துக்கும் பொருந்தும். வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை எடுத்துச் சபையில் கொடுத்துவிட்டு அதற்கு ஊழியம் என்று ரசீது வாங்க முடியாது. இது என் திடமான எண்ணம், உங்கள் போதகர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

'நான் விட்டால் யார் செய்வார்கள்' என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் ஓடும். யாரும் செய்யாமலும் போகலாம். பாடகர் குழுவில் ஒரு குரல் குறையும், ஐக்கியத்தின் குறிப்பேடு இரண்டு மாதம் எழுதாமல் கிடக்கும், கிடக்கட்டுமே. மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார், வந்து பார்த்த மாமனார் எத்திரோ நேருக்கு நேராகச் சொன்னார்: நீர் செய்கிற காரியம் நல்லதல்ல. நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். அப்புறம் ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஆட்களை வைக்கச் சொன்னார், மோசேயும் கேட்டார். பிரசங்கத்தில் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒரு சங்கதி இதில் உண்டு. எத்திரோ வந்தது ஆலோசனை சொல்ல இல்லை. தன்னிடம் அனுப்பப்பட்டிருந்த மோசேயின் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜனங்களுக்கெல்லாம் நேரம் கொடுத்த மனிதரிடம் அவருடைய சொந்தக் குடும்பத்தை இன்னொருவர் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஐந்தில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், நாலை விடுங்கள். எதை வைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள், ஆனால் உங்கள் மகளும் கூட வரக்கூடியதாக இருந்தால் நல்லது. குறைக்கிறேன், மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறேன் என்று இழுக்காதீர்கள், அப்படி இழுத்தவர்கள் எல்லாரும் ஆறே மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். சபையில் சொல்லும்போது உடம்பு சரியில்லை, மகளுக்குப் பரீட்சை என்று சாக்குத் தேட வேண்டாம். 'வீட்டில் இருக்க வேண்டும்' என்று மட்டும் சொல்லுங்கள். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது இயேசு திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். அத்தனை பேர் தேடியும் அவரால் 'முடியாது' என்று சொல்ல முடிந்தது. உங்களைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர்?

படுத்தால் தூக்கம் வராததும் உட்கார்ந்தால் கண் சொக்குவதும் வேறு கணக்கு. எல்லாவற்றையும் ஆவிக்குரிய சோர்வு என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இப்படித்தான் ஆளைச் சாய்க்கும், 41 வயதுப் பெண்ணுக்கு இவை அபூர்வமும் இல்லை. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். மனசு விடாமல் இருட்டிக்கொண்டே போகிறதென்றால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சும்மா இருந்தால் மனம் குத்துகிறது என்றீர்களே, குத்தும். முதல் சில வாரம் நன்றாகவே குத்தும். அதற்காக எழுந்து ஓடிவிடாதீர்கள். இன்றைக்கு இரவே மகளின் அலாரத்தை நீங்களே அணைத்துவிட்டு, மருந்துச் சீட்டைக் கணவர் கையில் கொடுங்கள். எது எப்போது என்று அவர் உங்களிடம் கேட்டால், சீட்டைப் படித்துவிட்டு அம்மாவிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள், அந்தச் சாக்கிலாவது இரண்டு பேரும் பேசட்டும். இந்தப் பதிலையும் அவரிடம் காட்டுங்கள். அவருக்கு என்மேல் கோபம் வந்தால் அவரே எழுதட்டும், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.