குழாய் வராத வீட்டுக்குக் கட்டணமா?

கேள்வி: புதுக் கட்டடங்களிடம் வாங்கும் குடிநீர், கழிவுநீர் உள்கட்டமைப்புக் கட்டணத்தை உயர்த்தத்தான் வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நாங்கள் இருப்பது 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. எங்கள் அடுக்ககத்துக்கு அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டதாக பில்டர் ரசீது காட்டினார். ஐந்து வருடம் ஆகிறது, இன்னும் கழிவுநீர் லாரியைத்தான் கூப்பிடுகிறோம். இதையும் கூட்டச் சொல்கிறீர்களே, நியாயமா ஐயா?
- வாசகி, தென்சென்னை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது அம்மா. ஆனால் எழுதியதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. சென்ற முறை பாதியைத்தான் எழுதினேன், மீதி இதோ.

நான் ஒரு நகராட்சியில் உதவிப் பொறியாளராக இருந்தவன். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது எங்கள் கணக்கு. ஐந்து பேர் உள்ள ஒரு வீடு என்றால் 540 லிட்டர் கழிவு. அந்த வீட்டை இடித்துவிட்டுப் பன்னிரண்டு ஃபிளாட் கட்டினால் 6,480 லிட்டர். தெருக் குழாய்கூட ஓரளவு தாங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு தெருக் கழிவு வந்து சேரும் பம்பிங் ஸ்டேஷன் தாங்காது. காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் அங்கே கழிவு சேரும் கிணறு நிரம்பி, கழிவு வந்த வழியே திரும்பி, பள்ளத்தில் இருக்கும் மேன்ஹோலில் பொங்கும். எங்கள் ஊரில் அது ஒரு பாட்டியின் ஓட்டு வீட்டு வாசல். வாளியோடு நின்றுகொண்டு, "நான் என்னப்பா கட்டினேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. புது மோட்டாருக்கும் பெரிய குழாய்க்கும் ஆகும் செலவை அவர் கட்டும் வரியிலிருந்து எடுக்கக் கூடாது என்பதால்தான் கட்டணத்தை உயர்த்தச் சொல்கிறேன். பில்டர் அதை ஃபிளாட் விலையில் ஏற்றுவார், மறுக்கவில்லை.

இனி உங்கள் பக்கம். சென்னையில் குடிநீர், கழிவுநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் இந்தக் கட்டணத்தை வாங்க 1998-ல் சட்டத் திருத்தம் வந்தது. திட்ட அனுமதி வாங்கும்போதே பணத்தைக் கட்டிவிட வேண்டும். 2011-ல் நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பணம் கட்டிய தேதி உங்கள் ரசீதில் இருக்கும். குழாய் வரும் தேதி இருக்காது. நான் சண்டை போடுவது அந்தத் தேதிக்காகத்தான்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து டனடின் என்ற சின்ன ஊரில் இதே வழக்கு நடந்தது. புது இணைப்புக்காரர்களிடம் விரிவாக்கச் செலவை வாங்கலாம் என்று 1976-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் பணத்தை விரிவாக்கத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று ஊரின் விதியில் எழுதவில்லை. அதனால் விதி நிற்கவில்லை. டெக்சாஸ் 1987-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டணத்தை வாங்கிவிட்டு ஐந்து வருடத்துக்குள் சேவை கொடுக்காவிட்டால், சொத்துக்காரர் கேட்டால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பத்து வருடத்துக்குள் செலவழிக்காத பணத்துக்கும் அப்படித்தான். அங்கே இருந்திருந்தால் நீங்கள் இன்று பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உயர்த்தும் அன்றே இந்த இரண்டு விதியையும் சேர்த்துப் போட வேண்டும். தனிக்கணக்கு, கெடு. இரண்டும் இல்லாமல் உயர்த்தினால் நானும் உங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பில்டரிடம் திட்ட அனுமதி எண்ணும் ரசீது நகலும் வாங்கி, பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எங்கள் பகுதியில் வசூலான உள்கட்டமைப்புக் கட்டணம் ஆண்டுவாரியாக எவ்வளவு, அது எந்தக் கணக்கில் இருக்கிறது, எங்கள் தெருவுக்கான பாதாளச் சாக்கடைத் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்றே கேள்வி. சுற்றி வளைத்து எழுதாதீர்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், அடுத்து என்ன கேட்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.