பூ உதிர்கிறதா? உரத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்

கேள்வி: மொட்டை மாடியில் பைகளில் தக்காளி, மிளகாய், வெண்டை, பாகல் வளர்க்கிறேன். ரசாயனம் எதுவும் போடுவதில்லை. வெயில் ஏறியதிலிருந்து தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது. மிளகாய் இலை சுருண்டுவிட்டது. பாகலில் பூ நிறைய, காய் இல்லை. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியும் மதியம் எல்லாச் செடியும் தலை தொங்கி நிற்கிறது. மண்புழு உரம் கூடுதலாகப் போட்டும் பலனில்லை. வேறு என்ன இயற்கை உரம் கொடுக்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூட உரக் குறைவால் வருவதாகத் தெரியவில்லை. கோடையில் நாம் செய்ய வேண்டியது வேரைச் சூடாகாமல், காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான். அது சரியானால் பாதிச் சிக்கல் தானாக விலகும். மீதிப் பாதியில் சிலவற்றை நம்மால் மாற்ற முடியாது, அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

தக்காளிப் பூ அப்படி ஒன்று. பகல் வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். கரு பிடிக்காத பூவைச் செடி உதிர்த்துவிடுகிறது. இதில் நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. இரவு குளிர்ந்தால் பழையபடி காய் பிடிக்கும். அதுவரை செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும். உச்சி வெயிலில் நிழல் கொடுங்கள், காய்ந்த கிளைகளை மட்டும் எடுங்கள். பச்சை இலைகளைக் கழிக்காதீர்கள். இருக்கிற ஒன்றிரண்டு காய்களுக்கு அவைதான் குடை. இலை போனால் காயின் வெயில் படும் பக்கம் வெளுத்து வெந்துவிடும். குடைமிளகாயும் பீன்ஸும் இதே குணம்தான். சின்ன உருண்டையாகக் காய்க்கும் செர்ரி தக்காளி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது வேர். தரையில் இருக்கும் செடிக்கு மண்ணின் ஆழம் பாதுகாப்பு. பையில் இருக்கும் செடிக்கு அது கிடையாது. கறுப்புப் பை நேர் வெயிலில் நின்றால் உள்ளே மண் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் வேர் தண்ணீரை உறிஞ்சாது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடுவது இதனால்தான். பைகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேலோ பலகை மேலோ ஏற்றி வையுங்கள். தனித்தனியாக நிற்பதைவிட நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். மேற்குப் பக்கம் நிற்கும் பைகளைச் சுற்றி வெளிர் நிறத் துணியோ சாக்கோ கட்டிவிடுங்கள். இது பார்க்க அழகாக இருக்காது, ஆனால் காசு செலவில்லாத வைத்தியங்களில் இதற்கு இணை இல்லை.

அதோடு மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல், தென்னை நார், எது கிடைக்கிறதோ அதை 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண்மேல் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் இடம் விடவேண்டும், இல்லையென்றால் தண்டு அழுகும். மூடாக்கு இல்லாமல் கோடைத் தோட்டம் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தண்ணீர் இரண்டு வேளை ஊற்றுவது தவறில்லை. எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே சுற்றும், அதுதான் முதலில் சூடாகும் இடம். பையின் அடித்துளை வழியே கொஞ்சம் வடியும்வரை காலையில் ஊற்றுங்கள். மாலையில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் மறுபடி. தேங்காய் நார்க்கழிவு கலந்த பைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது: அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சீராக ஏற்காமல் போகலாம். ஊற்றியது ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். நாம் நன்றாக ஊற்றிவிட்டோம் என்று நினைப்போம், நடுவில் வேர் காய்ந்துகொண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் பையைத் தூக்கிப் பாருங்கள். ஊற்றிய பிறகும் கனம் இல்லையென்றால், தண்ணீர் நிரம்பிய அகலமான தட்டில் அரை மணி நேரம் நிறுத்தி, கீழிருந்து ஊறவிடுங்கள். அப்புறம், வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடும். அதை வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டு ஊற்றுங்கள்.

மதியம் தலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஓடி ஊற்றாதீர்கள். வேர் தரும் தண்ணீரைவிட இலை விடும் நீராவி அதிகமாகும்போது இலை தொங்கி, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால் கவலை இல்லை. விடிந்த பிறகும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் ஏதோ கோளாறு: ஒன்று மண் காய்ந்திருக்கும், இல்லை அதிகத் தண்ணீரில் வேர் அழுகியிருக்கும். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான் என்பதால் மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வரவேண்டாம்.

நிழல்வலை வாங்கும்போது அடர்த்தியைக் கேட்டு வாங்குங்கள். கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீதம் சரி. காய்க்கும் செடிகளுக்கு அது அதிகம், 35 சதவீதம் போதும். செடியைத் தொடாமல் இரண்டு மூன்று அடி மேலே கட்டினால்தான் காற்று ஓடும். வெண்டைக்கு வலையே தேவையில்லை, அது வெயில் பிரியன்.

இப்போது மிளகாய். இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்திருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி. இலைப்பேனை, கிளையை வெள்ளைத் தாள்மேல் தட்டினால் மெல்லிய கோடு மாதிரி ஓடுவதைப் பார்க்கலாம். மஞ்சள் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது. இலைப்பேன் வறட்சியில் வேகமாகப் பெருகும். அதிலும் தழைச்சத்து அதிகமாகி, தளதளவென்று வளர்ந்த கொழுந்து என்றால் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்துதான். இப்போதைக்கு உரம் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

முதல் மருந்து தண்ணீரே. காலையில் இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், மூன்று நான்கு நாள் தொடர்ந்து. மிகவும் சுருண்ட நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் வேப்பெண்ணெய்: லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. முதலில் சில சொட்டு சோப்புக் கரைசலில் எண்ணெயைக் குழைத்து, பிறகு தண்ணீர் சேருங்கள், இல்லையென்றால் எண்ணெய் தனியே மிதக்கும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். வெயில் முழுக்கத் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் படும்படி, வாரம் ஒருமுறை. பகலில் தெளித்தால் இலை கருகும், தேனீக்களுக்கும் கெடுதல். வேப்பெண்ணெய் அடித்த மறுநாளே பூச்சி செத்து விழவில்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது பூச்சியின் பசியையும் தோலுரிப்பையும் கெடுத்து மெதுவாகத்தான் குறைக்கும். சிலந்திக்குக் கந்தகத்தூளைச் சிலர் சொல்வார்கள். நல்ல மருந்துதான், ஆனால் 32 டிகிரிக்கு மேல் அதுவே இலையைக் கருக்கிவிடும். கோடையில் தொடாதீர்கள். சுருண்ட பழைய இலை மறுபடி விரியாது. புதிதாக வரும் கொழுந்து நேராக இருந்தால் வைத்தியம் பலித்துவிட்டது என்று பொருள்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலை பின்னியதுபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் நோய். அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

பாகலில் காய் இல்லாததற்குக் காரணம் எளிது. கொடிகளில் ஆண் பூ முதலில் வரும், பெண் பூ பிறகு. வெப்பமும் தழைச்சத்தும் அதிகமானால் ஆண் பூக்கள் இன்னும் கூடும். பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் இருந்தால் அது பெண். அப்படிப் பெண் பூ வந்தும் மஞ்சளாகி உதிர்ந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். காலையில் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும், அவற்றுக்கு மாலைநேரம்தான்.

அடுத்த விதைப்புக்கு வெண்டை, கொத்தவரை, காராமணி, முளைக்கீரை, தண்டுக்கீரை, பாகல், பீர்க்கு எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லி போட்டே தீரவேண்டும் என்றால் நிழலில் போட்டு, சிறிசாகவே பறித்துவிடுங்கள். விட்டால் சட்டென்று பூத்துவிடும்.

சரி, உரம் எப்போது? புதுத் துளிர் நேராக வந்து, செடி மாலையில் நிமிர ஆரம்பித்த பிறகு, மூடாக்கை விலக்கி ஒரு கைப்பிடி மட்கிய தொழு உரம் போட்டு மறுபடி மூடுங்கள். மாதம் ஒருமுறை போதும். ஊறவைத்த பிண்ணாக்குத் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் இருந்தால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீர்க்க, ஈர மண்ணில் மட்டும். மட்காத சாணத்தையும் சமையலறைக் கழிவையும் பைக்குள் போட வேண்டாம். அது மட்கும்போது வரும் சூடு வேரைத்தான் தாக்கும்.