படிக்கட்டில் நின்று அம்மா கேட்டது

கேள்வி: எனக்கு வயது 53. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவன். புதுச்சேரியில் அரசு வேலை. விடுமுறை என்றாலே எரிச்சலாக இருக்கிறது. பொங்கல் நான்கு நாளும் அம்மா வீட்டில் உறவினர் கூட்டம். மாடியில் போய்ப் படுத்தாலும் விடுவதில்லை. போன பொங்கலன்று அம்மாவே படியேறி வந்து, "என்னப்பா, இன்றைக்கும் சில்வரா?" என்று எழுப்பிவிட்டார். நவம்பர் 1, ஆகஸ்ட் 16 விடுமுறைகளும் வீண்தான். எல்லையைத் தாண்டினால் எல்லோருக்கும் வேலை நாள். பள்ளி நாட்களில் வகுப்புக்குப் போகாமல் சில்வர் பீச்சுக்குப் போவதைத்தான் 'சில்வர்' என்போம். அடுத்தவன் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்பவன் 'புயல்'. 'ஏழாம் நம்பர்' என்றும் ஒருவர் உண்டு. அது யார் என்று நண்பர்களுக்குள் இன்னும் தகராறு. அந்தப் பேச்சைப் பேச இன்று வீட்டில் ஆள் இல்லை. மகனுக்கு எதுவும் புரிவதில்லை. விடுமுறையில் நிம்மதிக்கு என்ன வழி?

பதில்: இந்தப் புலம்பல் தை பிறந்தால் எனக்குக் கட்டுக்கட்டாக வரும். நிம்மதிக்கு நான் வழி சொல்லப்போவதில்லை. உங்கள் அம்மாவைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

'சில்வர்' என்ற அந்தச் சொல்லை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வகுப்புக்குப் போகாததை எந்தப் பிள்ளை வீட்டில் வந்து சொல்லும்? வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நீங்களும் நண்பர்களும் குரலைத் தாழ்த்திப் பேசியிருப்பீர்கள். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தவர் காதில் அது விழுந்திருக்கும். உங்கள் கால்சட்டைப் பையிலிருந்த கடற்கரை மணலைத் துவைக்கிற கல்லில் உதறியவரும் அவராகத்தான் இருக்க வேண்டும். எல்லாம் தெரிந்தும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 35 ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சொல்லைத் தனக்குள்ளேயே வைத்திருந்து, போன பொங்கலன்று எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறார். உங்களுக்கு 53 என்றால் அவருக்கு வயது என்ன, முழங்கால் எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா?

எழுப்பிவிட்டார் என்று குறைப்படுகிறீர்கள். அவர் உங்களோடு பேச வந்தார் ஐயா! நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு நான்கு வரி கீழே, பேச ஆள் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நான் புதுச்சேரியில் வளர்ந்தவள். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை இங்கே 'சொல்தா' என்பார்கள். விறைப்பாக நடந்துவரும் எங்கள் கணக்கு டீச்சருக்கு நாங்கள் வைத்த பெயரும் அதுதான். என் அம்மாவுக்கு அது தெரியும் என்பது அவர் போன பிறகு, என் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு முறைகூட அதைச் சொல்லிச் சிரித்ததில்லை. அதனால்தான் உங்கள் மீது இவ்வளவு கோபம் வருகிறது.

பெற்றவளைப் பார்க்கப் போவதைச் சுமை என்று எழுதுகிறவருக்கு நான் பரிந்து பேச மாட்டேன். அந்த நான்கு நாளும் அந்தக் கூட்டத்துக்குச் சமைத்தது யார்? உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மாடியில் படுத்திருந்தவருக்குக் களைப்பு எங்கிருந்து வந்தது?

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படி நிறைவேறியது. தமிழ்நாட்டுக்கு இல்லாத இந்த இரண்டு விடுமுறைகளும் வீண் என்கிறீர்கள். நன்றாக யோசியுங்கள். அன்று கடலூரில் எல்லோருக்கும் வேலை நாள் என்றால், உங்களை எரிச்சலூட்டும் அந்த உறவினர் கூட்டமும் அங்கே இருக்காது. அம்மா மட்டும்தான் இருப்பார். பஸ் ஏறினால் 22 கிலோமீட்டர். இத்தனை ஆண்டுகளில் ஒரு நவம்பர் 1-ல்கூட அங்கே போகத் தோன்றவில்லையா?

வருகிற பொங்கலுக்குப் போனால் காணும் பொங்கலோடு கிளம்பாதீர்கள். இரண்டு நாள் லீவு போடுங்கள். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். மணலில் சாக்கை விரித்துச் சுருளிக்கிழங்கைக் குவித்து விற்பார்கள். மகனையும் அழைத்துப் போய் வாங்கி வந்து, நீங்களே அவித்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தோலுரித்துக் கொடுங்கள். மனைவி அன்று அடுப்படிக்குப் போக வேண்டாம். மகனுக்குப் புரியவில்லை என்கிறீர்களே, அப்பா வகுப்புக்குப் போகாமல் கடற்கரையில் திரிந்த கதையை அவனிடம் என்றைக்காவது சொன்னீர்களா? அன்று சொல்லுங்கள். நீங்கள் மறைக்கிற இடங்களை அம்மா எடுத்துக்கொடுப்பார்.

அந்த 'ஏழாம் நம்பர்' யார் என்றும் அவரிடமே கேளுங்கள்.