முதலையும் நண்டும்

கேள்வி: டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ‘சர் லெஸ்லி வில்சன்’ என்று பெயரிடப்பட்ட பழைய மின்சார எஞ்சினைப் பார்த்தேன். இரு முனைகளிலும் நீண்ட மூக்கு, நடுவில் உயர்ந்த அறை, நீராவி எஞ்சினில் இருப்பதைப் போலச் சக்கரங்களைப் பிணைக்கும் தண்டுகள். மின்சார எஞ்சினுக்கு இவை எதற்கு?
– வாசகர், திருச்சி

பதில்: கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, பம்பாயிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும் போர் காட், தால் காட் பாதைகளுக்காக வாங்கிய 41 சரக்கு எஞ்சின்களில் ஒன்றைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அது கட்டப்பட்ட ஆண்டு 1928. ‘கேக்டா’, அதாவது நண்டு, என்பது ரயில்வே ஊழியர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர்.

அந்த வடிவத்தின் காரணம் விளங்க வேண்டுமானால், அதற்கு முன்னோடியான சுவிட்சர்லாந்தின் ‘முதலை’ எஞ்சினைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் நிலக்கரிக்குத் தவித்த அந்த நாடு, தன் மலையருவிகளின் மின்சாரத்தைக் கொண்டே, ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் கோத்தார்டு ரயில் பாதையை இயக்க முடிவு செய்தது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 26 மீட்டர் உயரும் அந்த ஏற்றத்தில் சரக்கு ரயிலை இழுக்க, மோட்டாரால் சுழலும் ஆறு அச்சுகள் தேவைப்பட்டன. அத்தனை அச்சுகளை ஒரே விறைப்பான சட்டத்தில் பொருத்தினால், அது மலைப்பாதையின் வளைவுகளில் திரும்பாது. எனவே 1919 முதல் 1922 வரை கட்டப்பட்ட 33 எஞ்சின்களில், அச்சுகளை மும்மூன்றாகப் பிரித்து இரு தனிச் சட்டங்களில் அமைத்தார்கள்; கனமான டிரான்ஸ்பார்மரையும் ஓட்டுநர் அறைகளையும் கொண்ட நடுப்பகுதியை அவ்விரண்டின்மேலும் சுழல்முளைகளில் தாங்கவைத்தார்கள். மூக்குகள் நடுவறையோடு அல்லாமல் சக்கரச் சட்டங்களோடு சேர்ந்து திரும்புவதுதான் இந்த அமைப்பின் உயிர். வளைவில் மூன்று துண்டுகளாக மடங்கிச் செல்லும் அந்த உடலைப் பார்த்தால், முதலை என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது உடனே தெரியும்.

தண்டுகளைச் சிலர் நீராவிக் காலத்தின் பழக்கதோஷம் என்கிறார்கள். அது சரியல்ல. அன்றைய மோட்டார்கள் சக்கரங்களுக்கு இடையே அடங்காத அளவுக்குப் பெரியவை. ஆகவே மூக்குக்கு இரண்டாக அவற்றை மேலே வைத்து, பல்சக்கரங்கள் வழியாக ஓர் இடைத்தண்டைச் சுழலவைத்து, அங்கிருந்து இணைப்புத் தண்டுகள் மூலம் மூன்று அச்சுகளுக்கும் விசையைப் பகிர்ந்தார்கள். இப்படிப் பிணைத்ததால், ஈரத் தண்டவாளத்தில் ஓர் அச்சு மட்டும் தனியாக வழுக்கிச் சுழல முடியாது என்பது, செங்குத்தான ஏற்றத்தில் சிறிய நன்மையல்ல.

நம் நண்டும் இதே முறையில் அமைந்தது. ஆனால் முதலை உயர் மின்னழுத்த மாறுமின்னோட்டத்தில் (ஏ.சி.) ஓடியதால், அதைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்டது; நண்டு 1500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) ஓடியதால், அதைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

மோட்டார்கள் சிறுத்து, ஒவ்வோர் அச்சுக்கும் ஒன்றாகப் பொருந்தத் தொடங்கியதும் தண்டுகளும் மூக்குகளும் தேவையற்றவையாயின. 1944-இல் சுவிட்சர்லாந்திலேயே வந்த நான்கு அச்சு எஞ்சின் ஒன்று, 80 டன் எடையில் 4000 குதிரைத்திறனைத் தந்தது. முதலையின் எடையோ சுமார் 128 டன். மறுமுறை டெல்லி செல்லும்போது, மூக்கும் நடுவறையும் சந்திக்கும் இடைவெளியைக் குனிந்து பாருங்கள். எஞ்சின் மடங்குவது அங்கேதான்.