பந்தலில் நட்ட கொம்பு வடைக்கு ஆகுமா?

கேள்வி: மகள் கல்யாணத்தில் பந்தக்காலோடு கட்டிய முள்முருங்கைக் கொம்பைக் கொல்லையில் ஊன்றினோம். மூன்றே வருடத்தில் கூரையைத் தாண்டிவிட்டது. இப்போது கொழுந்தெல்லாம் சுருண்டு, காம்புகள் முண்டுமுண்டாகப் புடைத்திருக்கின்றன. இந்த இலையில் வடை சுடலாமா? முள்மரம் வீட்டுக்கு ஆகாது, வெட்டிவிடு என்கிறார் என் மாமியார்.
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: ஆகாத மரத்தையா பேத்தியின் பந்தலில் கட்டினீர்கள் என்று அவரிடமே கேளுங்கள், அம்மா. கல்யாண முருங்கை என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை.

புடைப்புக்குக் காரணம் ஒரு குளவி. ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இளங்கொழுந்துக்குள் முட்டையிடும், உள்ளே புழு வளர வளர இலை வீங்கும். 2004-இல்தான் விஞ்ஞானிகள் இதற்குப் பெயரே வைத்தார்கள். அதற்குள் நம் கொல்லைவரை வந்துவிட்டது. வீங்கிய நுனிகளை ஒரு சாண் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். குப்பைக் குழியில் போட்டால், குளவி வெளியே வந்து அதே மரத்துக்குத் திரும்பிவிடும். தின்கிற இலை என்பதால் பூச்சிமருந்து வேண்டாம். வெட்டிய இடத்தில் தானாகத் துளிர்க்கும். போத்து நட்டாலே பிழைக்கிற மரம் அது.

வடைக்குப் புடைப்பில்லாத இலை மட்டும். ஒரு ஆழாக்குப் பச்சரிசி, இரண்டு கரண்டி உளுந்து, இரண்டு மணி நேரம் ஊறட்டும். பத்துப் பன்னிரண்டு இலையை நடுநரம்பு கிழித்துப் போட்டுக் கெட்டியாக அரையுங்கள். நான் முதன்முதலில் சுட்டபோது தண்ணீரை ஊற்றித் தொலைத்தேன். வடை எண்ணெயைக் குடித்ததில் அன்று சட்டியே காலி! உப்பும், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகும் சீரகமும் சேர்த்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் பூரி கனத்துக்குத் தட்டிப் போடுங்கள். சூட்டோடு இட்லிப்பொடி தூவ வேண்டும். சட்னி கேட்பவரை எங்கள் தெருவில் வெளியூர்க்காரர் என்போம்.

ஒன்றில் மட்டும் கவனம். குளிர்காலத்தில் இலை கொட்டிச் சிவப்பாய்ப் பூக்கும், பிறகு காய்க்கும். அந்த விதை நஞ்சு. பார்க்க அழகாகச் சிவந்திருப்பதால் குழந்தைகள் வாயில் போட்டுவிடுவார்கள். பேரன் பேத்தி வரும் வீடென்றால் பிஞ்சிலேயே காயை அறுத்துவிடுங்கள், முள்ளுக்குக் கையுறை மாட்டிக்கொண்டு.